நூறு கூம்பும் உறவில்லாத இரண்டு சாட்சியும்

உலக சாதனை ஒன்றை முறியடித்துவிட்டு அதற்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் இருப்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. மன்னார்த் தீவில் ஒருத்தி இருக்கிறாள். அவள் அதைப் பற்றி வெட்கப்படுவதாகவும் இல்லை. (வெட்கப்பட வேண்டியதற்கெல்லாம் கீழே கணக்காகப் பட்டிருக்கிறேன்.)

கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய பெட்டியில் பழைய சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு ஸ்கேட்போர்ட் வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. அந்த வயதில் கல்யாணப் பேச்சுக்குத் தயாராக வேண்டியவள், இரண்டு முழங்காலிலும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நான்கு சில்லுப் பலகையில் திரிந்தேன். அம்மா பங்குத்தந்தையிடமே முறையிட்டார். பத்துக் கட்டளைகளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று அவர் கைவிரித்துவிட்டார்.

ஸ்லாலம் என்பது வேறொன்றுமில்லை. வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே பலகையில் வளைந்து வளைந்து போக வேண்டும், ஒன்றையும் தட்டக் கூடாது. நூறு கூம்புகளை வேகமாகக் கடப்பதற்கு ஓர் உலக சாதனை இருப்பதை இணையத்தில் பார்த்தேன். இரண்டு வருடம் விழுந்து எழும்பினேன். ஒருநாள் என் கைபேசிக் கடிகாரம் அந்தச் சாதனையைவிட அரை விநாடி குறைவாகக் காட்டியது. அன்றிலிருந்து எனக்குத் தலை கால் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பதிவு நிறுவனத்துக்கு எழுதினேன். விதிமுறைகள் வந்தன. தகுதியான நில அளவையாளர் ஒருவர் பாதையை அளக்க வேண்டும். அவரும் இன்னொருவரும் சாட்சியாக நிற்க வேண்டும். இருவரும் எனக்கு உறவாக இருக்கக் கூடாது. காணொளி வெட்டாமல் முழுதாக இருக்க வேண்டும், அதில் யார் என்ன பேசினாலும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். அளக்க வந்த தங்கராசா மாமா முருங்கன் ஊர்ச் சைவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், திருக்கேதீஸ்வரத் தேரைத் தவறவிடாதவர். இரண்டாவது சாட்சி நசார் நானா, எங்கள் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் (நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன்). இவர்களைவிட உறவில்லாத இருவரை வானத்திலிருந்துதான் இறக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று கடற்கரைப் பக்கம் புதிதாகத் தார் மெழுகிப் போட்ட கார்பட் வீதியில் ஊரே கூடிவிட்டது. காற்று கூம்புகளை உருட்டியது. நசார் நானா வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டினார். தங்கராசா மாமா குனிந்த இடுப்பு நிமிராமல் நூறு இடைவெளியையும் இரண்டு தரம் அளந்தார். நான் புறப்பட்டேன். எழுபதாவது கூம்பருகே, மன்னாரில் யாருக்கும் பயப்படாத அந்தச் சாதி, அதாவது ஒரு கழுதை, வீதியைக் கடக்க வந்தது. நசார் நானா பாய்ந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றையும் தட்டாமல் முடித்தேன். அரை விநாடியும் கொஞ்சமும் குறைவு. தங்கராசா மாமா நிறுத்தற்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அழுதார்.

மறுநாளே சந்தியில் பதாகை ஏறியது. உலக சாதனை வீராங்கனை என்ற எழுத்துக்குக் கீழே தலைக்கவசத்துடன் நான். பூசையில் எனக்காக நன்றி மன்றாட்டு. கந்தோரில் மாலை. (கழுத்தை நீட்டியவள் நான்தான், யாரும் வற்புறுத்தவில்லை.)

காணொளியையும் மொழிபெயர்ப்பையும் அனுப்பி இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை ஒரு சொல் விடாமல் செய்திருந்தார். காணொளியில் நான், “மாமா, அளந்திட்டீங்களோ?” என்று கேட்கிறேன். “ஓம் மருமகள், வாங்கோ,” என்கிறார் அவர். கழுதையைப் பிடித்தவர், “தங்கச்சி, நீங்கள் போங்கோ, நான் பார்க்கிறன்,” என்கிறார். கடைசியில் மாமா, “இவள் என்ரை பிள்ளையல்லோ,” என்று அழுகிறார். ஆகவே விண்ணப்பதாரியின் ஒரு சாட்சி அவருடைய தாய்மாமன், மற்றவர் அண்ணன், அந்தத் தாய்மாமனே பிறகு தகப்பன் என்றும் உரிமை கோருகிறார், தயவுசெய்து விளக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

கூடவே ஒரு படிவம். இவருக்கும் எனக்கும் குடும்ப உறவோ, வேறு எந்த நெருக்கமோ கிடையாது என்று மூவரும் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட வேண்டும். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. சாதனை வெறி அப்படி. அன்றே கடைக்கு ஓடினேன்.

நசார் நானா படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். தேத்தண்ணி வரவழைத்தார். பேனையைத் தேடினார், கையில் இருந்த பேனையை விட்டுவிட்டு மேசையெல்லாம் தேடினார். எனக்கு அதுவும் விளங்கவில்லை. மாமாவிடம் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள், கடைசியாக நான் வைக்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

முருங்கனில் தங்கராசா மாமா கண்ணாடியைக் கழற்றினார். “முப்பத்தைஞ்சு வருசம் அளந்தனான் பிள்ளை. பிழையான கடதாசியிலை ஒருநாளும் கையெழுத்து வைக்கேல்லை,” என்றார்.

இது பிழையில்லையே மாமா, நீங்கள் எங்களுக்குச் சொந்தமில்லைத்தானே என்றேன்.

“உன்ரை அப்பா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை என்ரை ரத்தத்தைத்தான் ஏத்தினவை. எந்த நெருக்கமும் இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுறது? நீ எழுதுவியோ?”

வீட்டுக்குள்ளிருந்து மாமி பலகாரத் தட்டுடன் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. படிவத்தைக் கிழித்தேன். அவமானத்துக்குப் பிறகு கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

அன்றிரவே பதில் எழுதினேன். இவர்கள் என் இரத்த உறவு இல்லை. ஆனால் இந்தக் கரையில் எனக்கு ஒரு முறையும் இல்லாத ஒருவர் வேண்டுமென்றால் நீங்கள்தான் விமானத்தில் அனுப்ப வேண்டும். அவரும் இங்கே ஒரு வேளை சாப்பிட்டால் மாமாவாகிவிடுவார், அதற்கு நான் பொறுப்பில்லை. மிகவும் மரியாதையான இரண்டு வரிகளில் என் விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். பதாகை மட்டும் சந்தியில் வெயில் என் முகத்தை வெளுக்கும்வரை தொங்கியது. அதன் கீழேதான் தினமும் வேலைக்குப் போனேன், தலையைக் குனியாமல்.

பிறகு என் கல்யாணப் பதிவில் இருவரும்தான் சாட்சி. இவர்கள் பெண்ணுக்கு என்ன முறை என்று பதிவாளர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். நசார் நானா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “அதுக்கு வெளிநாட்டிலை இருந்து கடிதம் வரவேணும் ஐயா,” என்றார். இன்றுவரை எங்கள் மூன்று வீடுகளிலும் யாரிடம் என்ன உதவி கேட்டாலும் முதலில் இந்தக் கடிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

கேட்கட்டும். அந்த நூறு கூம்பையும் அரை விநாடி குறைவாகக் கடந்தவள் நான்தான். நம்பாவிட்டால் என் மாமாவைக் கேளுங்கள்.