கிருமி சாகக் கூடாது

ஆய்வகத் தட்டில் இந்த வாரமும் கிருமி கன்னங்கரேலென்று வளர்ந்திருந்தது. ஆய்வாளர் தட்டைத் தள்ளி வைத்தார்.

ஈறுகளை அரிக்கும் கிருமி அது. இரும்பில்லாமல் அதற்கு வாழ்வில்லை. உடம்போ இரும்பைப் பூட்டி வைத்திருக்கிறது. அதனால் ஈறுகளைப் புண்ணாக்கி, கசியும் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து உள்ளிருக்கும் இரும்பைத் திருடிக்கொள்ளும். திருடிய சரக்கை மேலெல்லாம் பூசிக்கொள்வதால்தான் அந்தக் கறுப்பு.

அந்த இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து ஒன்றை அவர் தயாரித்திருந்தார். வாய் கொப்புளித்தால் போதும். குடுவையில் கிருமி பட்டினி கிடந்து செத்தது. மாமனார் வாயில் மட்டும் கொழுத்தது.

மருந்தைச் சோதிக்க வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. மனைவி இறந்தபின் மாமனார் வீட்டுப் பக்கமே தலைகாட்டாதவர், இப்போது ஈறிலிருந்து மாதிரி எடுக்க வாராவாரம் போனார்.

"மாமா, மருந்தை ஒழுங்கா கொப்புளிக்கிறீங்களா?"

"பாட்டில் காலியா இருக்கு பாருங்க மாப்பிள்ளை. உக்காருங்க, காபி போடுறேன்."

"இல்ல மாமா, கிளம்பணும்."

மருந்தின் வீரியத்தைக் கூட்டினார். தட்டு இன்னும் கறுத்தது. மாமனார் சாப்பிடும் இரும்பு மாத்திரையின் மேல் சந்தேகம் விழுந்தது. நிறுத்தச் சொன்னார். மாமனார் மறுபேச்சு பேசாமல் நிறுத்தினார். தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

கிருமிக்கு விருந்தே வைத்துவிட்டோமே என்று ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தையல் போட்ட உதட்டோடு மாமனார் கேட்டார்: "அப்போ இந்த வாரம் இன்னொரு தடவையும் வந்து பாப்பீங்களா?"

"பாக்கத்தான் வேணும்."

மாமனார் முகம் தெளிந்தது. இந்த வயதில் இத்தனை அறிவியல் ஆர்வமா என்று ஆய்வாளர் வியந்தார்.

துறைத் தலைவர் வியக்கவில்லை. "அடுத்த தட்டும் கறுத்தா ஆய்வை மூடிடலாம்."

"என் வேலை?"

"அதையும்தான்."

அடுத்த தட்டும் கறுத்தது.

செய்தியைச் சொல்லப் போனபோது மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்தார். மனைவி இறந்தபின் முதன்முறையாக ஆய்வாளர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தார். சுவரில் மனைவியின் படம். அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"மருந்து தோத்துப்போச்சும்மா. வேலையும் போச்சு. இனிமே மாதிரி எடுக்க வர வேண்டியதில்ல. மாமா எழுந்ததும் சொல்லிடுங்க."



"அந்த மருந்து அவர் வாய்க்குள்ள எங்க தம்பி போச்சு? பாட்டில் பாட்டிலா தொட்டியிலதான் கொட்டுறார். ஏன் ஐயான்னு கேட்டா, 'கிருமி செத்துட்டா மாப்பிள்ளை எதுக்கு இங்க வரப்போறார்'ங்கறார்."