கழுத்துக்கறிச் சபதம்

மச்சினன் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று நான் சபதம் செய்து ஏழு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு கோழிக்கால்.

என் மனைவி தாயம்மாளின் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே மாடசாமி கோயிலில் சித்திரைக் கொடைத் திருவிழா. மச்சினன் கதிரேசன் வீட்டில் பந்தி. நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. கல்கத்தாவிலிருந்து ரயிலில் இரண்டு நாள் முதுகொடியப் போனவன். என் இலையில் வந்து விழுந்தது கழுத்து. பக்கத்து இலையில் விழுந்தது கால். பக்கத்து இலைக்காரர் மைக்செட் போட வந்தவர்.

"கழுத்துலயும் கறி இருக்கத்தான செய்யுது" என்றாள் தாயம்மாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அதன் பிறகு வருஷம் தவறாமல் சித்திரை வந்தது. அவள் கொடைக்குக் கூப்பிடுவாள். நான் கடையைக் காட்டுவேன். பவானிபூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இந்தப் பெத்துராஜ் கடையைச் சாத்தினால் தெற்குக் கல்கத்தாவில் ஒரு வீட்டிலும் இட்லி வேகாது என்பது என் கட்சி. மாப்பிள்ளை இல்லாமல் தனியாகப் போய் நின்றால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்று அவளும் போகவில்லை.

இந்த வருஷம் தை மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிராய்லர் கறியைத் தட்டில் போட்டபடி அவள் சொன்னாள்.

"ரப்பர் மாரி இருக்கு. நாட்டுக்கோழி திங்கணும்னா ஊருக்குத்தான் போவணும். இந்த ஊருல எவன் வளக்கான்?"

"ஏன், நான் வளக்கேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா' என்னை எங்கேயோ குத்தியது.

"ஏளா, பின்னால கூண்டு இருக்கா இல்லையா? முன்னால வளத்தோமா இல்லையா? சித்திரை ஒண்ணாம் தேதி நம்ம வீட்டுக் கோழி, நம்ம வீட்டுக் கால். என் இலையில. போட்டோ எடுத்து உன் தம்பிக்கு அனுப்புதேன்."

"என்னமும் செய்யுங்க" என்றாள். சண்டை போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூண்டு இருந்தது உண்மை. பறவைக் காய்ச்சல் வந்த வருஷம் கோழிகளைப் போக்கிவிட்டுச் சாத்தியது. திறந்தால் உள்ளே பழைய குக்கர், எண்ணெய் டின்கள், கைப்பிடி இல்லாத குடை மூன்று, ஒரு பெருச்சாளிக் குடும்பம். கல்கத்தா மழையில் பலகை அப்பளமாகியிருந்தது. தெரு கிளப் பையன்களிடம் கேட்டு, துர்கா பூஜைப் பந்தலில் மிஞ்சிய மூங்கில் வாங்கினேன். வலை அடித்தேன். ஆணியில் பாதி மரத்திலும் பாதி என் கட்டைவிரலிலும் இறங்கியது. நாலு ஞாயிறு போயிற்று. கடைசியில் பச்சைப் பெயிண்ட் அடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். கூண்டும் கொஞ்சம் தள்ளியே நின்றது, இடது பக்கமாக.

மாடியிலிருந்து சுப்ரியா பௌதி எட்டிப் பார்த்தார். இங்கே அக்கம்பக்கத்து அண்ணிமார் எல்லோரும் பௌதிதான். அவர்களுக்கு நாம் தாதா, அதாவது அண்ணன்.

"தாதா, கோழி உள்ளே போனால் கூண்டு தாங்குமா?" என்று பெங்காலியில் கேட்டார்.

"ஆனையே போகலாம் பௌதி" என்றேன்.

முட்டையிடும் கோழி இரண்டும் ஒரு சேவலும் வந்தன. செவலை, கருப்பி, சேவல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'பெத்துராஜ் பண்ணை' என்று படம் போட்டேன். கதிரேசனிடமிருந்து உடனே பதில் வந்தது: 'அத்தான், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு காலும் இருக்கான்னு எண்ணிக்கிடுங்க.'

அன்றைக்கு முடிவு செய்தேன். உயிரே போனாலும் இந்தக் கோழிகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னால் கோழி வளர்த்தோம் என்றேன் அல்லவா? வளர்த்தது தாயம்மாள். நான் முட்டை தின்றேன்.

முதல் வாரம் முட்டை வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. "புது இடம், கோழி மெரண்டிருக்கும்" என்று தாயம்மாள் கடை முட்டையை அவித்து வைத்தாள். அதற்கும் பத்து நாள் கழித்து ஒரு காலை, செவலை மூலையில் வைக்கோலுக்குள் பம்மி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து இரண்டு பங்காகியிருந்தது. கம்பு போட்டேன், எழவில்லை. தவிடு பிசைந்து வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொண்டைக்குள் ஒரு மாதிரி உறுமியது. கையை நீட்டினேன். சதை பிய்ய ஒரு கொத்து.

"ஏளா! செவலைக்கு என்னமோ சீக்கு!"

தாயம்மாள் வந்தாள். குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

"என்னது ஆமா?"

"எந்திரிக்க மாட்டேங்குது. திங்க மாட்டேங்குது. ஒடம்பு வேற கொதிக்கும் போல."

"அலிப்பூர்ல மிருக டாக்டர் இருக்காரு. ஒரு டாக்சி புடிச்சு..."

"அய்யய்யோ, தூக்கிராதிய. இந்த நெலமையில அசைச்சா அவ்வளவுதான். கிட்டக்கவே போவாதிய."

இரண்டு நாள் கடையைப் பாதி ஷட்டர் போட்டுவிட்டுக் கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது. பாதி கதிரேசனை நினைத்து. பாதி நிஜமாகவே அந்தக் கோழியை நினைத்து. என்னை இந்த வீட்டில் அவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் தாயம்மாள் ஒரு மஞ்சள் துணியும் ஒற்றை ரூபாய்க் காசும் கொண்டுவந்தாள்.

"எங்க ஊரு மாடனுக்கு வேண்டி முடிஞ்சு வைங்க. கோழி அவருக்கு உரியது. கைவிட மாட்டாரு."

"என்னன்னு வேண்ட?"

"அது ஒங்க இஷ்டம். பெருசா எதாச்சும் வேண்டுனாத்தான் கேப்பாரு."

என்னிடம் பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்று. சபதம். கண்ணை மூடினேன்.

"செவலை பொழச்சு எந்திரிச்சா கொடைக்கு வாறேன் சாமி."

"சத்தமாச் சொல்லுங்க. கல்கத்தாவுல இருந்து கேக்கணும்லா."

"கொடைக்கு வாறேன் சாமி!"

"எங்க தங்குவியன்னும் சொல்லிருங்க."

"கதிரேசன் வீட்டுல தங்குதேன்."

மாடியில் சுப்ரியா பௌதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாதவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று அப்போது விளங்கவில்லை.

வேண்டுதல் வேலை செய்தது. மறுநாளே செவலை ஒரு தடவை எழுந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. தினமும் ஒரு தடவை. பிறகு மூலைக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். "கொஞ்சங் கொஞ்சமாத் தேறும்" என்றாள் தாயம்மாள். அவள் தைரியம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பங்குனி பாதியைத் தாண்டி ஒரு காலை, கூண்டுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். செவலையின் சிறகுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. எண்ணினேன். ஒன்பது.

"ஏளா! குஞ்சு! குஞ்சு!"

தாயம்மாள் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் நொய்யரிசி. முந்தின நாளே ஊறப்போட்டது.

"இன்னைக்குத்தான் இருவத்தொண்ணாம் நாளு" என்றாள்.

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"அப்ப அது சீக்கு இல்ல."

"அடை படுத்திருந்துச்சு."

"முட்டை?"

"நான்தான் எடுத்துச் சேத்து அதுக்கடியில வச்சேன்."

"அன்னைக்கே சொல்லலாம்லா?"

"நீங்கதான சீக்குன்னிய. வீட்டு ஆம்பிள சொல்லும்போது நான் எப்படி மறுத்துப் பேச?"

முப்பது வருஷத்தில் அவள் மறுத்துப் பேசாத ஒரே நாள் அதுதான். எனக்குள் கடைக்காரன் விழித்துக்கொண்டான்.

"கோழிக்குச் சீக்கே வரல. அப்ப வேண்டுதல் செல்லாது."

"அப்படியா? மாடன்கிட்டச் சொல்லிருங்க."

"சொல்லிட்டாப் போச்சு."

"நேர்ல போய்த்தான் சொல்லணும்."

டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தாள். கோழிகளுக்குத் தீனி போட சுப்ரியா பௌதியும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். தாயம்மாள் குஞ்சுகளுக்கு நொய்யைத் தூவிக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. எப்படியும் என் புத்தியில் உதித்த கோழிப் பண்ணை, அதை அவள் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போனில் கதிரேசன் செய்தி வந்தது.

'அத்தான், இந்த வருஷம் முதல் பந்தி உங்களுக்கு. காலு ரெண்டும் உங்க இலைக்குத்தான். கோழி வளத்து, அதுக்கு வேண்டிக்கிட்டு, நீங்க கொடைக்கு வருவியன்னு அக்கா பொங்கலன்னைக்கே சொல்லிட்டா.'

பொங்கலன்று என்னிடம் கோழி இல்லை. கூண்டைத் திறக்கவில்லை. கோழி வளர்க்கும் யோசனையே எனக்கு வந்திருக்கவில்லை.