மிக்ஸி போட்டால் ஃபைல் போய்விடும்

என் வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை கிடையாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு தடவை நான் சொன்னதை என் மனைவி அட்சரம் பிசகாமல் கேட்டாள். அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெயருக்குத்தான் இருவருக்கும் பொது. உட்காருவது அவள். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். இதுவரை அவள் வரைந்ததற்கெல்லாம் கீழே யாரோ ஒரு இன்ஜினியரின் பெயர்தான் இருக்கும். இந்தத் தடவை ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கான வரைபடம். திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். மூலையில் முதல்முறையாக அவள் பெயர்.

சனிக்கிழமை கடைக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க. என் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் அது இருக்கிறபடி இருக்கட்டும்."

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?"

தொட்டேன். 'புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்' என்று திரையின் ஓரத்தில் அது ரொம்ப நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் என்னிடம் கெஞ்சுகிற ஒரே ஜீவன் அதுதான். மனசு கேட்கவில்லை. 'முக்கியமான ஃபைல்களுக்குப் பிரதி எடுத்துவிட்டீர்களா?' என்று கேட்டது. தினமும் நடக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டால் எப்படித் தலையாட்டுவேனோ, அப்படி 'ஆம்' என்று அமுக்கினேன்.

பாதி வரை ஜோராக ஓடியது. அப்புறம் திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் வந்தது. கொஞ்சம் சுற்றும், திக்கும், அணையும், மறுபடி முதலிலிருந்து சுற்றும். நிறுத்திப் போட்டேன். வட்டம். முதுகில் தட்டிக்கொடுத்தேன். வட்டம். ஒரு முழு ஆஸ்பத்திரி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் உடனே மச்சானுக்குப் போன் செய்திருப்பார்கள். மச்சான் என்றால் இவளுடைய தம்பி. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஆனால் போன மாதம்தான் அவனிடம், "இதெல்லாம் ஒரு வேலையா, ஸ்க்ரூ திருகத் தெரிஞ்சா போதாதா?" என்று கேட்டிருந்தேன். இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது?

மூளையைக் கசக்கினேன். ஃபைல் போனது போனதுதான். போனதற்குக் காரணம் நானாக இருக்கக் கூடாது. அவளாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்.

அவள் திரும்பி வந்ததும் வாசலுக்கே ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன்.

"இத பாரும்மா, கம்ப்யூட்டர் தன்னால அப்கிரேட் ஆகிட்டிருக்கு. நல்லதுக்குத்தான். அது முடியிற வரைக்கும் மிக்ஸி, வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எதையும் போட்டுடாத. ஒரு நொடி கரண்ட் இறங்கினாலும் ஃபைல் அத்தனையும் போயிடும்."

அவள் திரையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என் ஆஸ்பத்திரி?"

"உள்ள பத்திரமா இருக்கு. இனிமே எல்லாம் உன் கையிலதான்."

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் திட்டம் அருமையான திட்டம். மிக்ஸி போடாமல் ஒரு வீட்டில் எத்தனை நேரம் ஓடும்? மறந்துபோய் ஒரு தடவையாவது போடுவாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் பெரிய மனசு பண்ணி மன்னிப்பேன். மன்னிப்பு வசனம்கூடத் தயாராக இருந்தது.

அவள் மறக்கவே இல்லை.

"என்னங்க, துணி ஊறப்போட்டிருக்கேன். மெஷின்தான் போடக் கூடாதே, நீங்க கையால துவைச்சிடுங்க."

"நானா?"

"நானே துவைப்பேன். பழக்க தோஷத்துல கை மெஷின் பக்கம் போயிடுச்சுன்னா? வேணாங்க, பயமா இருக்கு."

துவைத்தேன். போர்வை, ஜன்னல் திரை, சோபா உறை என்று வந்துகொண்டே இருந்தது. ஈரம் வெளியே வருகிறதென்று குளியலறைக் கதவை வேறு சாத்திவிட்டுப் போனாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோதும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது திக்கவில்லை, அணையவில்லை. வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"பார்த்தியா, சரியாகிட்டு வருது."

"நீங்க இருக்கிறப்போ எனக்கென்னங்க கவலை."

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நானே தூண்டில் போட்டேன்.

"தொண்டை காயுது. ஒரு ஜூஸ் போடேன். மிக்ஸில ஒரு சுத்து சுத்தினா ஆச்சு."

"ஐயையோ, கரண்ட் இறங்கிடும்." கையாலேயே பிழிந்து கொடுத்தாள், கொட்டையோடு.

"சட்டை கசங்கிக் கிடக்கு. லேசா ஒரு தேய்ப்பு..."

"மடிச்சுக் கீழ போட்டு மேல படுத்துக்கோங்க. உங்க வெயிட்டுக்கு மடிப்பு அப்படியே நிக்கும்."

"சும்மா ஒரு தடவை போட்டா ஒண்ணும் ஆகாதும்மா."

"ஒரு நொடி போதும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேச்சை நான் மீறுவேனா?"

கல்யாணமான நாளிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருந்தாளாம். வெங்காயத்தை நான் நறுக்கினேன். வீட்டை நான் பெருக்கினேன், துடைத்தேன். மனைவி நம் பேச்சைக் கேட்டால் நமக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விடிந்தால் திங்கள். அவள் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மூலையில என் பேரை அழிச்சு அழிச்சுப் போட்டேங்க. எழுத்து ரொம்பப் பெருசா இருக்கோ, பார்க்கிறவங்க சிரிப்பாங்களோன்னு."

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்தாள்.

"ரெண்டு தக்காளி அரைக்கணும். ஒரே ஒரு நொடி மிக்ஸி போடட்டுமா?"

என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"உன் இஷ்டம்மா. நான் ஒண்ணும் சொல்லலை."

சமையலறையில் மிக்ஸி உறுமியது. நான் மேசைக்கு அடியில் பாய்ந்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"போச்சே, போச்சே. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா? உன் கையாலேயே உன் ஆஸ்பத்திரியைக் கவுத்துட்டியே."

மிக்ஸி நின்றது. அவள் வந்து நின்றாள். நான் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டித் திரையைப் பார்த்தேன்.

ப்ளக் என் கையில் இருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்ல அப்கிரேட்டுங்க," என்றாள். "கரண்ட் இல்லாமலே ஓடுதே."

நான் ப்ளக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அது தம்பியோட பழைய போன்ல ஓடுற வீடியோ. திரைக்குப் பின்னாடி ஒயர் போகுது பாருங்க. நேத்து நீங்க போர்வையோட மல்லுக்கட்டினப்போ வந்து டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனான். வேற கம்ப்யூட்டர்ல மாட்டி ஃபைலையெல்லாம் எடுத்துட்டான்."

"வரைபடம்?"

"காலையில நீங்க தரை துடைச்சப்போ அனுப்பியாச்சு, அவன் லேப்டாப்லேர்ந்து. பேரைக் கொஞ்சம் பெருசாவே போட்டு அனுப்பினேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். அவமானம் பின்னால் வந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"வாசலுக்கு ஓடி வந்து பையை வாங்கினீங்களே. அப்பவே தெரியும், வீட்டுல பெருசா ஏதோ உடைஞ்சிருக்குன்னு."

நான் மேசைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, குடும்பத் தலைவனுக்குரிய குரலை வரவழைத்தேன்.

"சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே பழையபடி இருக்கலாம்."

"இருக்கலாம். தம்பி ஒண்ணே ஒண்ணு சொன்னான். கொஞ்ச நாளைக்கு மெஷினை யாரும் தொடக் கூடாதாம், கரண்ட் இறங்கிடுமாம்."

"கம்ப்யூட்டர்தானே? அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"கம்ப்யூட்டரை நீங்க தாராளமா தொடலாங்க. அவன் சொன்னது வாஷிங் மெஷினை."