தையல் பிரித்ததும் வருகிறேன்

நான் பேச்சை நிறுத்தி வைத்திருக்கும் என் தங்கைக்கு, உன் அக்கா எழுதுவது.

இங்கே நானும் மகனும் பேத்தியும் சுகம். மருமகளும் சுகம்தான், அவளுக்கென்ன. அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் எழுதுகிறேன். அப்படி நினைக்காமல் இருந்த காலமும் உண்டு. கடிதத்தின் தொடக்கத்திலேயே பொய் எதற்கு.

உன் சேதி கிடைத்தது. நீ பேத்தியிடம் போனில் பேசியபோது அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். நான் குளிக்கப் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன். புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டாயாம். கூடப் பிறந்தவர்களில் நாம் இரண்டு பேர்தான் மிச்சமாம். "அக்கா வந்து என் பக்கத்துல நின்னு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா போதும்மா, கூடத்துல மாட்டி வச்சுப்பேன்" என்றாயே, அதையும் கேட்டேன். பாட்டி அழுதாள் என்று பேத்தி உன்னிடம் சொல்லியிருந்தால் நம்பாதே. அன்றைக்கு எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்தது.

வருகிறேன். ஆனால் இந்த முகத்தோடு வரமாட்டேன். ஏன் என்பதை நீ மறந்திருப்பாய். சொன்னவர்களுக்கு மறந்துபோகும், கேட்டவர்களுக்கு மறக்காது. அண்ணன் வீட்டுக் கூடம். போட்டோக்காரன் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறான். மின்விசிறி ஓடவில்லை, தலை கலையும் என்று நீதான் நிறுத்தச் சொன்னாய். நான் முன்வரிசை நாற்காலியில் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அப்போது நீ வந்து என் தோளைத் தொட்டு, "அக்கா, நீ பின்னாடி போயேன், உன் மூஞ்சி தொங்கிப்போயி அழுவுற மாதிரியே இருக்கு, போட்டோவே கெட்டுடும்" என்றாய். முதலில் சிரித்தது தம்பி பெண்டாட்டி. அடுத்தது உன் வீட்டுக்காரர், வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு. அவருக்குப் புரையேறியபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது யார்? நான். அந்தப் போட்டோவில் அண்ணன் மகனுடைய தோளுக்குப் பின்னால் என் தலை வகிடு மட்டும் தெரிகிறது. முகம் கெடுத்துவிடும் என்றாயே, முகமே இல்லாமல் போய்விட்டது. அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பியவள்தான், இன்றைக்கு எழுதுகிறேன்.

ஆகவே, முகத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் உன் வாசலில் நிற்பது என்று முடிவுசெய்தேன். இதற்கு ஆபரேஷன் இருப்பதே முதலில் எனக்குத் தெரியாது. தெருமுனை அழகு நிலையத்துப் பெண், "கத்தியே வேணாம் பாட்டி, ஒட்டியே தூக்கிடலாம்" என்று காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பிளாஸ்திரி மாதிரி ஒன்றை ஒட்டி, அதில் கோர்த்த எலாஸ்டிக்கைப் பின்னந்தலையில் இழுத்து மாட்டி, அதன்மேல் முடியை வாரிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால், அடியே, கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த என் முகம்! வாயை முழுதாக மூட முடியவில்லை, அதனாலென்ன, ராணி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன். மருமகள் என் மிதியடியை மறுபடியும் வெயிலில் போட்டிருந்தாள். கேட்காமல் விட முடியுமா? கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பட்டென்று இடது பக்கம் கழன்றுவிட்டது. பாதி முகம் புது மணப்பெண், பாதி முகம் நான். மருமகள் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, அத்தைக்கு வாதம் வந்துருச்சு!" என்று தெருவுக்கு ஓடினாள். ஆட்டோ வந்துவிட்டது. ஆட்டோக்காரர் என்னைத் தூக்க வரும்போது வலது பக்கமும் கழன்றது. "சரியாயிருச்சும்மா, ரெண்டும் ஒண்ணாயிருச்சு" என்று அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் பேத்தி விசாரித்து, முகச் சீரமைப்பு செய்யும் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல பெண். என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, படுத்தபடி பார்க்கச் சொன்னாள். பார்த்தால் தொங்கியதெல்லாம் காதுப் பக்கம் ஒதுங்கி, முகம் பளிச்சென்று இருக்கிறது. "இப்படியே இருந்தா போதும் டாக்டர், நான் தங்கச்சி வீட்டுக்குப் படுத்துக்கிட்டே போயிடறேன்" என்றேன். "நிக்கிறப்பவும் ஓரளவுக்கு இப்படி இருக்க வைக்கலாம்மா, அதுக்கு நாலஞ்சு வழி இருக்கு, எது வேணும்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்றாள்.

எனக்குப் படிப்பு கிடையாது என்பது உனக்குத் தெரியும், என் பங்குப் படிப்பையும் நீதான் படித்தாய். ஆனால் லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குப் போய், படுக்கை விரிப்பு மாற்றியே காலத்தை ஓட்டியவள் நான். அதனால் அந்தப் பெண் சொல்லச் சொல்ல, எல்லாம் எனக்குப் படுக்கை விரிப்பாகவே தெரிந்தது. முதலாவது நூல் வைத்து இழுப்பது. வெட்டு இல்லை, தோலுக்கு அடியில் நூலை ஓட்டி மேலே இழுத்து நிறுத்துவார்கள். அவசரத்துக்கு விரிப்பின் ஓரத்தை மட்டும் சொருகுவது மாதிரி. விருந்தாளி ஒரு தடவை புரண்டால் போச்சு. இரண்டாவது மினி லிஃப்ட், காதோரம் சின்ன வெட்டு, கன்னம் மட்டும் ஏறும், கழுத்து கழுத்தாகவே இருக்கும். தலைமாட்டை மட்டும் சரிசெய்து கால்மாட்டை அப்படியே விடுகிற சோம்பேறித்தனம், என் காலத்தில் இதற்கு வேலையை விட்டே அனுப்புவார்கள். மூன்றாவது முழு லிஃப்ட், காதைச் சுற்றிப் பின்பக்கம் வரைக்கும் வெட்டி, தோலுக்குக் கீழே இருக்கும் படலத்தையும் இறுக்கித் தைப்பார்கள், தாடையும் கழுத்தும் சேர்ந்து ஏறும். நாலாவது டீப் பிளேன், அது இன்னும் அடியில் போய் எல்லாவற்றையும் மொத்தமாக விடுவித்துத் தூக்குவது. "மெத்தையையே தூக்கிப் போட்டு விரிக்கிறது" என்றேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெத்தைய வெளிய எடுக்க மாட்டோம்மா" என்றாள். ரொம்ப நாள் நிற்குமாம், ஆனால் வீக்கமும் அதிகமாம், ஆற நாளாகுமாம்.

பிறகு ஊதாப் பேனாவை எடுத்து என் முகத்தில் கோடு போட ஆரம்பித்தாள். நெற்றியில் தொட்டபோது, "இது என் வீட்டுக்காரர் டாக்டர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம பேப்பரத் திருப்பித் திருப்பி இத உண்டாக்கினார்" என்றேன். "நீங்க கேக்கற ஆபரேஷன்ல நெத்திக்கோடு போகாதும்மா, அதுக்கு வேற இருக்கு" என்றாள். சரி, இருக்கட்டும், மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் ஞாபகத்துக்கு அதாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாய்க்கு இந்தப் பக்கம் இறங்குவது நாத்தனார், அந்தப் பக்கம் மருமகள். தாடைக்குக் கீழே பேனாவை வைத்து, "இங்கதான் நிறைய தொங்குது, இது யாரு?" என்று அவளே கேட்டாள். "அது என் தங்கச்சி." "இருக்கிறதுலயே பெருசா இருக்காங்களே." "இருக்காதா டாக்டர், அவள இடுப்புல தூக்கி வளத்ததே நான்தான்" என்றேன். பேனாவை மூடிவிட்டு, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை, எனக்குத் தாகம் எல்லாம் இல்லை.

எனக்கு முழு லிஃப்டே போதும் என்பது அவள் கட்சி. எனக்கு டீப் பிளேன்தான் வேண்டும் என்பது என் கட்சி. உன் வேலை ஆழமான வேலை, மேலோட்டமாகச் சரிசெய்ய முடியாது. கடைசியில் பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பார்க்கலாம் என்றாள். ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் பிரஷர் ஏறக் கூடாதாம், ஏறினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். "அதனால யார் மேலயும் கோவப்படக் கூடாதும்மா." "யார் மேலயும்னா? எல்லார் மேலயுமா?" "எல்லார் மேலயும்தான்." நான் இதுவரைக்கும் எந்த டாக்டரிடமும் இவ்வளவு கடுமையான பத்தியத்தைக் கேட்டதில்லை. இருந்தும் ஒத்துக்கொண்டேன். இப்போது மருமகள் மிதியடியை வெயிலில் போட்டால் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நிழலுக்கு நகர்த்தி வைக்கிறேன். அவள் பயந்துபோய் என் மகனிடம், "உங்கம்மாவுக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுதுங்க" என்கிறாள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. தைத்த பிறகு தலையை உயர்த்தியே படுக்க வேண்டும், குனியக் கூடாது, ராத்திரி பகல் பார்க்காமல் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். யார் இருப்பார்கள் என்று கேட்டாள். மகன் ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு முன்னால் விழுந்துவிடுவான். மருமகள் வேண்டாம், காய்ச்சலில் கிடந்தபோது நான் வெந்நீர் கேட்டதற்கு அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது, நினைத்தாலே பிரஷர் ஏறும். பேத்தி இருப்பாள்தான், ஆனால் அவள் இருந்தால் நான் சிரிப்பேன், சிரித்தால் தையல் தாங்காது. யோசித்துக்கொண்டே இருந்தேன். வாய் பாட்டுக்கு "என் தங்கச்சி இருப்பா" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்லவும் மனம் வரவில்லை.

அதனால் நீ வர வேண்டும். ஆனால் ஒழுங்காகக் கேள். வந்து தலைமாட்டுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். என் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கொடு. எப்படி இருக்கிறது என்று உன் வீட்டுக்காரர் போனில் கேட்டால் தெரியாது என்று சொல். வீக்கம் வடிந்து, தையல் பிரித்ததும் நீ உன் ஊருக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். நான் இரண்டு நாள் கழித்து உன் புது வீட்டு மணியை அடிப்பேன். நீ என்னைப் பார்க்காதவள் மாதிரியே கதவைத் திறந்து, "அக்கா! நீயா!" என்று அசந்து நிற்க வேண்டும். நன்றாக அசந்து நில், உனக்குச் சின்ன வயதிலிருந்தே நடிப்பு வராது. அதன் பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

உன் வீட்டில் விளக்கு அணையாமல், வந்தவர்களுக்குக் குறைவில்லாமல், உன் பிள்ளைகள் உன்னைத் தாங்கிக்கொண்டு எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல், பிஸ்கட் சாப்பிடும்போது சிரிக்க வேண்டாம் என்றும் சொல்.

இப்படிக்கு,
கோபத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கும்
உன் அக்கா.

பி.கு.: உறைக்குள் போடும் நேரத்தில் பேத்தி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன் பாட்டி, சின்னப் பாட்டி இந்த மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னுதான ஆபரேஷன்? அதுக்கு அவங்களையே வரவழைச்சு, வீங்கின மூஞ்சியப் பக்கத்துல வச்சுக் காட்டுவியா?" என்றாள். இத்தனை நாள் யோசித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று பேத்தி மேல்தான் கோபம் வந்தது. கோபம் வந்ததும் ஒரு நிம்மதியும் வந்தது, உடம்பு பழையபடி ஆகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு வேண்டாம் என்று போன் போட்டாயிற்று, "தங்கச்சிய நான் கேட்டதா சொல்லுங்கம்மா" என்றாள். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன், இதே முகத்தோடு. கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, முதலில் நான்தான் பார்ப்பேன். நீ எனக்கு இளையவள்தான், இருந்தாலும் இத்தனை வருடத்தில் உனக்கும் தாடை நன்றாகவே தொங்கியிருக்கும் என்ற நம்பிக்கையோடு வருகிறேன்.