ரொட்டி தின்னாதே வீட்டுப் பெண்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அக்கா க்வேட்டாவுக்கு,

தம்பி லுபோஷின் வணக்கம். இங்கே நானும் ஹெட்விகாவும் நலம். அத்தானின் முழங்கால் தேவலையா? நீ பிர்னோவிலிருந்து கல்யாணத்துக்கு வருவதற்குள் ஊரார் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். உன் மருமகள் இனி நெயெஸ்க்லேபோவாவாக இருக்கப் போவதில்லையாம். மாப்பிள்ளை ராடிமின் பெயரை ஏற்று ஹெட்விகா குபிஷ்டோவா ஆகிறாளாம். இருவரும் ரொட்டிக்கடை திறக்கிறார்கள் அல்லவா, அதுதான் வினை. நெயெஸ்க்லேபா என்ற நம் குடும்பப் பெயருக்கு ரொட்டி தின்னாதே என்றுதானே அர்த்தம்! "ரொட்டி தின்னாதேன்னு வாசல்ல எழுதி மாட்டிட்டு, உள்ள ரொட்டி விக்கச் சொல்றீங்களாப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நியாயத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாததா? எனக்கு இருப்பது ஒரே பெண். நம் பெயர் என்னோடு மண்ணுக்குள் போய்விடுமே என்று பயந்துவிட்டேன்.

உடனே ஒரு கதை கட்டினேன். பஞ்ச காலத்தில் நம் மூதாதை ரொட்டியை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தான் தின்னாமல் கிடந்தார், அந்தப் புண்ணியத்தில் வந்த பெயர் இது என்று சம்பந்தி வீட்டில் பீரைக் குடித்துக்கொண்டே சொன்னேன். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அந்த வீட்டையே காட்டுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் நம் மூதாதையர் ஊரான லிபோவ்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நெயெஸ்க்லேபா வீடு எது என்றதும் சட்டென்று கை காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்தவரோ ஹ்ரூபெஷ் என்ற குழாய் ரிப்பேர்க்காரர். நமக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அங்கே ஆளுக்குப் பெயர் வீட்டால்தானாம். அந்தக் கூரைக்குக் கீழே யார் குடியிருந்தாலும் அவர் நெயெஸ்க்லேபாதானாம். பெயரை முதலில் வாங்கியவன் பெரிய கருமி என்றும், ரொட்டியை அலமாரியில் பூட்டிவைத்து, வேலையாட்கள் கையை நீட்டினால் தின்னாதே என்று கத்துவான் என்றும் ஹ்ரூபெஷின் மனைவி எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவனுக்கு ஆம்பளப் புள்ள இல்லீங்க, ஒரே பொண்ணு. அது பண்ணையாளைக் கட்டிக்கிச்சு. அவன் வீட்டோட மாப்பிள்ளையா வந்து, தன் பேரை வாசல்லயே விட்டுட்டு இந்தப் பேரை எடுத்துக்கிட்டான். நீங்க அவன் வம்சம்தான்."

திரும்பும் வழியெல்லாம் சம்பந்தி குபிஷ்டா சிரித்துக்கொண்டே வந்தார். ராடிம் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பண்ணையாளின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

எனக்கும் புத்தி வந்தது, அக்கா. ஒரு பெண்ணால் வந்த பெயர். இன்னொரு பெண் வேண்டாம் என்றால் தடுக்க நான் யார்? குபிஷ்டோவாவாகவே இரு மகளே என்று சொல்லிவிட்டேன். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பிரச்சினை தீர்ந்தது. கல்யாணத்தன்று வழக்கப்படி சம்பந்தி வாசலில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்பார். முதல் துண்டு எனக்குத்தான்.

அத்தானுக்கு என் மரியாதை. பெயர் போனாலும் பாசம் போகாத தம்பி,
லுபோஷ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஹெட்விகா ஓடிவந்தாள். ராடிம் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், கல்யாணத்துக்குப் பிறகு தானும் நெயெஸ்க்லேபா என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். "அந்தப் பண்ணையாள் செஞ்சத நான் செய்யக் கூடாதா?" என்றானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் மணி அடித்தது. வாசலில் சம்பந்தி குபிஷ்டா நிற்கிறார். கையில் ரொட்டியும் இல்லை, உப்பும் இல்லை. அவருக்கும் ஒரே பிள்ளை, அக்கா.