எட்டாவது டீம் எந்த ஊருக்கு?

தென்காசிக்கு ஒரு வாலிபால் டீம் வாங்கித் தராவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக சைக்கிள் கடை சிவசைலம் சபதம் செய்தார். அவருக்கு மீசை கிடையாது. ஆனாலும் ஆசை என்னவோ நிஜமான ஆசைதான்.

மாவட்டத்தில் சம்பளத்துக்கு ஆடும் வாலிபால் டீம்கள் ஏழு இருந்தன, ஏழும் ஏழு ஊர்ப் பேரில். அந்த 1958-ஆம் வருஷம், எட்டாவதாக இன்னொரு ஊரைச் சேர்ப்பதாக மாவட்ட வாலிபால் சங்கம் அறிவித்தது. மனுப் போட்ட ஊர்களை நேரில் பார்த்துத் தகுதியை முடிவுசெய்ய மூன்று பேர் கமிட்டி வரும். தென்காசி மனு சிவசைலத்தின் கையெழுத்தில் போயிருந்தது. டீம் வந்தால் அவர்தான் செக்ரட்டரி.

கடையநல்லூர் ஜவுளி வியாபாரி முகம்மது கனி டியூப் ஒட்ட வந்த இடத்தில் வம்பை ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, எங்க ஊருக்குத்தான் கிடைக்கும். நெட்டுக் கிழிஞ்சா வெளியூர் போகவேண்டாம். வீட்டுக்கு ரெண்டு தறி இருக்கு."

"நெட்டுல ஓட்டை இருக்கணும் பாய். உங்க ஆளுக நெய்தா சேலையாயிரும்."

"செங்கோட்டையும் கேக்கானே?"

"திருவிதாங்கூரை விட்டு ரெண்டு வருசம் முந்திதான் நம்ம பக்கம் வந்திருக்கான். மொதல்ல மூட்டையைப் பிரிக்கட்டும்."

"புளியறை?"

"பந்து கேரள எல்லை தாண்டிப் போச்சுன்னா செக்போஸ்ட்டுல எழுதிக் குடுத்துல்லா திருப்பி வாங்கணும்!"

"குற்றாலம்?"

"சீசன் மூணு மாசம் மனுசன், மத்த ஒம்பது மாசம் குரங்கு. யாரைச் சேத்து டீம் போட?"

கனி சிரித்துவிட்டு, வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "இலஞ்சி?"

"அது ஒரு ஊரா பாய்? குற்றாலம் போற வழியில தும்மினா தாண்டிப் போயிரும்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. சிவசைலத்தின் மனைவி ஆவுடையம்மாள் பிறந்த ஊர் இலஞ்சி. இலஞ்சி மனுவில் கையெழுத்துப் போட்டவன் அவள் தம்பி முப்பிடாதி. பத்தாவது முடித்துவிட்டு மூன்று வருஷமாக வேலை இல்லாமல் இருந்தான். பந்தை மட்டும் அவன் அடித்தால் எடுக்க ஆள் கிடையாது.

கனி போனதும் ஆவுடையம்மாள் வந்து நின்றாள்.

"என்னங்க, தென்காசிக்கே டீம் வரட்டும். எந்தம்பியையும் அதுல சேத்துக்கிடுங்க. அவனுக்கும் ஒரு சம்பளம்னு ஆகும்லா?"

"தென்காசி டீமுல இலஞ்சிக்காரனா? ஊரு என்ன பேசும்? ஒருக்காலும் நடக்காது, ஏட்டி!"

"சரி," என்றாள்.

அவள் சண்டை போட்டால் பயமில்லை. அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 'சரி' என்று சொன்னால்தான் ஆபத்து. பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்தியும் இந்த ஒரு பாடம் மட்டும் சிவசைலத்தின் மண்டையில் ஏறவில்லை.

கமிட்டி முதல் நாள் செங்கோட்டையையும் கடையநல்லூரையும் பார்த்துவிட்டது. மறுநாள் காலையில் இலஞ்சி, மதியம் மூன்று மணிக்குத் தென்காசி, சாயங்காலம் ரயில். சிவசைலம் ஒரு திட்டம் போட்டார். காலையிலேயே கமிட்டியைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. அருவிக்கு அடியில் போய் நின்ற எவன் மத்தியானத்துக்கு முன்னால் வெளியே வந்திருக்கிறான்? இலஞ்சியின் நேரம் தண்ணீரோடு போய்விடும்.

திட்டத்தை மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை, சொல்லிவிட்டார்.

"நல்ல யோசனைதான்," என்றாள் அவள். "ஆனா சும்மா தண்ணியில நிப்பாட்டினா மரியாதையா இருக்குமா? எண்ணெய் தேச்சுக் குளிக்க வையுங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலாப் போகும்லா?"

"அட!" என்றார் சிவசைலம். மனைவி தன் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று மனம் குளிர்ந்துபோனார்.

"சாப்பாட்டை நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். எங்கே வைத்து என்று அவர் கேட்கவில்லை.

கமிட்டித் தலைவர் ஏசுதாசன் பாளையங்கோட்டையில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் மூன்று முதுகிலும் தட்டிய தட்டு அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பிறகு பேரருவிக்கு அடியில் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். மணி பன்னிரண்டரை. சிவசைலம் ஈர வேட்டியோடு தனக்குள் சிரித்துக்கொண்டார்.

திரும்பும்போது இலஞ்சி நடுத்தெருவில் குதிரைவண்டி தானாக நின்றது. குறுக்கே முப்பிடாதி நின்றான். அவனுக்குப் பின்னால் சிவசைலத்தின் மாமியார். வாசலில், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஆவுடையம்மாள்.

"அத்தான், வீட்டு வாசலைத் தாண்டிச் சாப்பிடாமப் போவியளா?" என்றான் முப்பிடாதி.

மாமியார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு மாப்பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த தலைமுறைவரை பேசுவார்கள். அதற்குள் கமிட்டி இறங்கிவிட்டது. எண்ணெய்க் குளியல் பசி, உள்ளேயிருந்து வந்த வாசனை. சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம், மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சிவசைலம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

புது மாப்பிள்ளைக்கு மறுவீட்டில் வைக்கிற சொதிக் குழம்பு. மூன்று தேங்காயின் பால். கூடவே இஞ்சித் துவையல். ஏசுதாசன் நான்கு முறை சோறு வாங்கினார். இலையை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவர்களும் சாய்ந்தார்கள். ஆறு கண்ணும் சொருகின.

"ஐயையோ!" என்று அடுப்படியிலிருந்து மாமியார் கத்தினாள். "எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுப் பகல்ல உறங்குததா? காய்ச்சல்லா வந்துரும்!"

சிவசைலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணெய் தேய்க்க வைத்தவர் அவர். கமிட்டி காய்ச்சலில் விழுந்தால் டீமும் சேர்ந்து விழும்.

"சார்வாள், கண்ணை மூடாதிய! எந்திரிங்க. வாங்க, தென்காசிக்குப் போயிருவோம்!"

"இந்த வெயில்லயா?" என்றாள் ஆவுடையம்மாள் மெதுவாக. சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "எண்ணெய் தேச்ச உடம்போட வெயில்ல அலையலாமா? உங்க கிரவுண்டு வெறும் பொட்டல்லா? ஒரு வேப்பங்கன்னுகூடக் கிடையாதே."

"அம்மா சொல்லுதது சரிதான்," என்றார் ஏசுதாசன். "எங்க வீட்டிலயும் அப்படித்தான் சொல்லுவாக. உறங்கவும் பிடாது, வெயில்லயும் போகப்பிடாது. இங்கன நிழலா ஒரு இடம் உண்டுமா?"

ஆவுடையம்மாள் வாயே திறக்கவில்லை. பதில் சிவசைலத்தின் வாயிலிருந்துதான் வந்தது.

"வீட்டுக்குப் பின்னால தென்னந்தோப்பு இருக்கு சார்வாள்! வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்!"

கூட்டிக்கொண்டு போனார். தோப்பின் நடுவே சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. நெட் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் பையன்கள் வரிசையாக நின்றார்கள். நிழலில் மூன்று நாற்காலி. நாற்காலி மூன்றுதான் என்பதைக் கவனித்தபோதுதான் சிவசைலத்துக்கு எல்லாம் விளங்கியது.

ஆட்டம் ஆரம்பித்தது. முப்பிடாதி எம்பினான். எம்பிய இடத்திலேயே ஒரு கணம் நின்று, பந்து எங்கே விழ வேண்டும் என்று பார்த்து அடித்தான். எதிர்ப்பக்கத்து ஆள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். ஏசுதாசனின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. தென்காசியில் கமிட்டியை வரவேற்கச் சொல்லிவைத்த மேளக்காரர்கள் காத்துக்கிடப்பதை நினைத்து வயிறெரிந்த சிவசைலம், கால் மணி நேரத்தில், "அடிலே முப்பிடாதி! அப்படிப் போடுலே!" என்று தன்னை மறந்து கத்திக்கொண்டிருந்தார். தன் மச்சினன் இவ்வளவு அழகாக ஆடுவான் என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆவுடையம்மாள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எந்த ஊரில் ஆள் உண்டு, எந்த ஊரில் இடம் உண்டு, எந்த ஊரில் கூட்டம் கூடும் என்று ஏசுதாசன் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். "தென்காசிக்கும் ஒண்ணு வேணும் சார்வாள். பாக்குத கூட்டம் அங்கதான் இருக்கு," என்றும் சொன்னாள். வெயில் தணிந்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தென்காசி மைதானத்தைக் கமிட்டி வண்டியில் இருந்தபடியே பார்த்தது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எட்டாவது டீம் இலஞ்சிக்கு. முப்பிடாதி கேப்டன், அடுத்த மாதம் முதல் சம்பளம். அத்தான் காலில் விழ வந்தவனைச் சிவசைலம் தூக்கிக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியது. யாரோ அந்நியனுக்கா கிடைத்தது, வீட்டுப் பிள்ளைக்குத்தானே?

கடிதத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. அடுத்த வருஷம் ஒன்பதாவது டீம் உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களின் மனுக்களைப் பார்த்துச் சொல்ல உள்ளூர் உறுப்பினர் ஒருவரைச் சங்கம் நியமித்திருந்தது: திருமதி ஆவுடையம்மாள், மேற்பார்வை சிவசைலம் சைக்கிள் கடை, தென்காசி.

சிவசைலத்துக்குத் தலைகால் புரியவில்லை. கமிட்டியே வீட்டுக்குள் இருக்கிறது! அந்த நிமிஷமே புது மனு ஒன்றை எழுதி, அடுப்படிக்கு ஓடி, மனைவியிடம் நீட்டினார்.

அவள் கையால் தொடவில்லை.

"கமிட்டி ஆளை வீட்டுல பாத்து மனுக் குடுக்கலாமா? நாலு ஊரு என்ன பேசும்? தபால்ல அனுப்புங்க."

அவர் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் பண்ணினார். மறுநாள் தபால்காரர் அதைக் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். சிவசைலம் பயபக்தியோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

"அங்கன வச்சிட்டுப் போங்க," என்றது கமிட்டி, வெங்காயம் உரித்துக்கொண்டே.