பிஸ்கட்டுக்கு அடங்கிய கிடங்குக்காரர்

நாய் என்று ஒன்று இந்த வீட்டுக்குள் வந்தால், தான் வெளியே போய்விடுவதாகப் பெயின்ட் கம்பெனிக் கிடங்குக்காரர் சபதம் போட்டார். அவர் சபதம் போட்டால் போட்டதுதான். அதைக் காப்பாற்றுவது மட்டும் மனைவியின் பொறுப்பு. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், "சரிங்க" என்றாள். அப்போதே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும்.

மறு வாரமே வீட்டில் ராஜ உபசாரம் ஆரம்பமானது. வேலை முடிந்து வந்தவரை முக்காலியில் உட்கார வைத்துத் தலை வாரினாள். நகம் வெட்டினாள். காது துடைத்தாள். பல்கூடத் தேய்த்துவிடப் பார்த்தாள். அவர்தான் வாயை இறுக மூடிக்கொண்டார். கத்தரி பட்டுத் திடுக்கிட்டால், "ஷ்ஷ்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு பிஸ்கட்.

சட்டைப் பித்தான் அறுந்தால் "ஊசி அங்க இருக்கு" என்று கையைக் காட்டியே குடித்தனம் நடத்தியவள் இவள். கிடங்குக்காரர் உஷாரானார். கிடங்கிலும் அப்படித்தான்: சரக்கில் ஒரு டப்பா குறைந்தால் கோபப்படுவார், ஒரு டப்பா கூடுதலாக வந்தால்தான் சந்தேகப்படுவார்.

"ஏம்மா, உங்க அண்ணன் ஏதாவது கேட்டாரா?"

"உங்ககிட்ட கேட்டு எங்க அண்ணன் என்னத்தக் கண்டார்? தலைய அந்தப் பக்கம் திருப்புங்க."

"இல்ல, நகை கிகை ஏதாவது..."

"அசையாதீங்க. காது போயிடும்."

மனசு கேட்காமல், வழக்கமாக முடி வெட்டுகிற கடைக்குப் போனார். கடைக்காரர் தன் பழைய வாடிக்கையை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"யாருங்க வெட்டினது?"

"வீட்டுலதான்."

"கை பழகிட்டு வருது. ஆனா மனுஷனுக்கு யாரும் இப்படி வெட்ட மாட்டாங்களே." குரலைத் தாழ்த்தினார். "பாத்துக்குங்க. உங்கள எதுக்கோ தயார் பண்றாங்க."

அந்தச் சனிக்கிழமை, தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பையோடு கிளம்பிய மனைவியை அவர் பின்தொடர்ந்தார். விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாக ஒளிந்து போனார். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தாள். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். மேஜைமேல் சடை சடையாக ஒரு நாய். மனைவி கையில் சீப்பும் கத்தரியும்.

"வந்த புதுசுல உங்களுக்குக் கத்தரியே பிடிக்கத் தெரியாது. எங்க பழகினீங்க?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"வீட்டுல ஒண்ணு இருக்குக்கா. முடி கம்மிதான். முதல்ல உறுமும். பிஸ்கட்டக் காட்டினா அடங்கிடும்."

கிடங்குக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது.

"என்னை நாயாக்கிட்டியே!"

"மெதுவா பேசுங்க, இவன் பயந்துப்பான்."

"இதெல்லாம் இன்னியோட சரி!"

"அடுத்த வாரம் நாய் அலங்காரத் தேர்வுங்க. தேறினா இங்கயே வேலை. எனக்குன்னு ஒரு வேலை." சொல்லிவிட்டுச் சீப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு என்னவோ போலிருந்தது. அவள் அதைக் கவனித்துக்கொண்டாள். "நீங்க சொன்னத நான் மீறினேனா? வீட்டுக்குள்ள நாய் வந்துச்சா?"

"வரல. ஆனா..."

"இனிமே நீங்க மாட்டேன்னா, பழகறதுக்கு இவனத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். உங்க சபதப்படி நீங்க வெளிய போகணும். எது வசதின்னு நீங்களே சொல்லுங்க."

வெளியே போனால் எங்கே போவது, யார் சோறு போடுவார்கள் என்று கிடங்குக்காரர் யோசித்துப் பார்த்தார். யோசித்த வரைக்கும் யாரும் அகப்படவில்லை.

அன்று மாலை யாரும் கூப்பிடாமலே முக்காலியில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"நகம் நேத்துதானே வெட்டினேன்?"

"பிஸ்கட்டுக்கு நீட்டினேன்."

"முதல்ல வேலை. தேர்வுல பல்லுக்குத்தான் மார்க் அதிகமாம்" என்று பிரஷை எடுத்தாள் மனைவி.

கிடங்குக்காரர் வாயைத் திறந்தார்.